பென் டிரைவை எதில் பார்மட் செய்வது? லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு ஓர் ஒப்பீடு

ஜெராக்ஸ் கடையில் என் பென் டிரைவைக் கொடுத்துவிட்டு நின்றேன். நாற்பது பக்கம் அச்செடுக்க வேண்டும். எனக்குப் பின்னால் தேர்வு விண்ணப்பங்களோடு மூன்று மாணவர்கள். கடைப் பையன் டிரைவைச் செருகியதும் திரையில் ஒரு கட்டம் முளைத்தது. இதைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் பார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா என்று கேட்டது கணினி. பையனின் மவுஸ் அம்பு ‘பார்மட்’ பொத்தானை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. “தம்பி, கையை எடுங்கள்!” என்று நான் போட்ட சத்தத்தில் மாணவர்கள் செல்போனிலிருந்து தலை நிமிர்ந்தார்கள். “உங்கள் பென் டிரைவ் கெட்டுப்போயிருக்கிறது சார்” என்றான் பையன், கொஞ்சமும் பதறாமல்.

கெட்டுப்போகவில்லை. முந்தைய வாரம்தான் வீட்டில் உட்கார்ந்து அதை லினக்ஸுக்கே உரிய இஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமையில் (டிரைவில் கோப்புகளை எழுதி அடுக்கிவைக்கும் முறையில்) பார்மட் செய்திருந்தேன். கணினி லினக்ஸ் ஆகிவிட்டது, பென் டிரைவும் லினக்ஸ் ஆகிவிடட்டும் என்ற பெருமிதம். கடைக் கணினிக்கு அந்த எழுத்து தெரியாது. தெரியாத எழுத்தைக் கண்டால் ‘எனக்குப் படிக்க வரவில்லை’ என்று சொல்லும் பழக்கம் விண்டோஸுக்கு இல்லை. அழித்துவிட்டுப் புதிதாக எழுதட்டுமா என்றுதான் கேட்கும். அன்று அச்செடுக்காமலேயே வீடு திரும்பினேன்.

ஒரு காலத்தில் லினக்ஸில் பென் டிரைவ் வேலை செய்ய வேண்டுமானால் கட்டளை தட்டும் முனையத்தைத் திறந்து, ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் கொடுத்து, எந்தச் சாதனம் எந்தக் கோப்புறையில் ஏற வேண்டும் என்று கையால் எழுத வேண்டும். இப்போது யூடிஸ்க்ஸ் என்ற பின்னணிச் சேவை அதைப் பார்த்துக்கொள்கிறது. டிரைவைச் செருகினால், உபுண்டு, டெபியன் ஆகிய லினக்ஸ் வினியோகங்களில் ‘மீடியா’ கோப்புறைக்குள் உங்கள் பயனர் பெயரின் கீழ் அது தானாக வந்து உட்காரும். ஃபெடோராவில் ‘ரன்’ கோப்புறைக்குள் இருக்கும் இன்னொரு ‘மீடியா’வில். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான். ஆகவே வேலை செய்யவைக்கும் பாடு இன்று செருகும்போது இல்லை, பார்மட் செய்யும்போதே முடிந்துவிடுகிறது. அங்கே தவறாகத் தேர்ந்தால் பின்னால் எத்தனை கட்டளை தட்டினாலும் எரிச்சல்தான் மிச்சம்.

தேர்வதற்கு நான்கு பேர் வரிசையில் நிற்கிறார்கள்: ஃபேட்32, எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ், இஎக்ஸ்டி4. இவற்றில் எது சிறந்தது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இந்த டிரைவ் எங்கெல்லாம் போகப்போகிறது? பென் டிரைவ் உங்கள் கணினியின் உறுப்பு இல்லை. அது வீடுவீடாகப் போய்வரும் பொருள். போகிற இடங்களிலேயே மிகவும் பழைய, மிகவும் மக்கான இயந்திரம் எதுவோ, அதுதான் முறைமையைத் தீர்மானிக்கிறது. என் டிரைவின் சுற்றுப்பாதையில் அலுவலக விண்டோஸ் கணினி, ஜெராக்ஸ் கடை, மைத்துனரின் மேக், வரவேற்பறைத் தொலைக்காட்சி, காரின் ஆடியோ பெட்டி எல்லாம் இருக்கின்றன. என் லினக்ஸ் மடிக்கணினி இந்த ஐவரையும்விடப் படித்தது. நான்கு முறைமைகளும் அதற்குத் தெரியும். அதனால் இந்த முடிவில் அதற்கு ஓட்டு இல்லை.

முதலில் ஃபேட்32. 1996-இல் விண்டோஸ் 95-இன் இரண்டாவது பதிப்போடு வந்த கிழம். அதன் பலம் முழுவதும் அந்த வயதில்தான் இருக்கிறது. யூஎஸ்பி துளை இருக்கும் எந்தப் பொருளும் இதைப் படித்துவிடும்: கார் ஆடியோ, அச்சுப்பொறி, டிஜிட்டல் போட்டோ ஃபிரேம், கோயில் திருவிழாவில் பாட்டுப் போடும் ஒலிபெருக்கிக்காரரின் ஆம்ப்ளிஃபயர். கணினியைத் தொடங்கிவைக்கும் யூஇஎஃப்ஐ மென்பொருளும் ஃபேட் குடும்பத்தைப் படிக்கக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. லினக்ஸ் நிறுவும் பென் டிரைவுகளில் ஒரு ஃபேட் பகுதி ஒளிந்திருப்பது அதனால்தான்.

குறை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. ஒரு பைட் குறைவாகவே நிற்க வேண்டும். திருமண வீடியோ, உயர்தரத் திரைப்படம், மெய்நிகர் கணினியின் வட்டுக் கோப்பு எதுவும் ஏறாது. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், சில நிரல்களில் நகலெடுக்கும் பட்டை பாதிக்கு மேல் அழகாக ஓடிவிட்டு, 4 ஜிபியில் முட்டிக்கொண்டு ‘கோப்பு மிகப் பெரியது’ என்று நின்றுவிடும். டிரைவில் 50 ஜிபி காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே கோபப்பட வேண்டியதுதான். இன்னொன்று, விண்டோஸின் பார்மட் சாளரம் நெடுங்காலமாக 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுகளுக்கு ஃபேட்32 என்ற தேர்வையே காட்டியதில்லை. அது அந்தச் சாளரத்தின் வரம்பு, முறைமையின் வரம்பு அல்ல. லினக்ஸில் 64 அல்லது 128 ஜிபி டிரைவைத் தாராளமாக ஃபேட்32 ஆக்கலாம். விண்டோஸும் அதை மறுக்காமல் படிக்கும்.

தமிழில் கோப்புகளுக்குப் பெயர் வைப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபேட்32 நீண்ட பெயர்களை யுனிகோடில்தான் எழுதிவைக்கிறது. தமிழுக்குத் தடை இல்லை. ஆனால் லினக்ஸ் அதை எந்த எழுத்துமுறையில் காட்ட வேண்டும் என்று ஏற்றும்போது சொல்ல வேண்டும். யூடிஸ்க்ஸ் தானாக ஏற்றும்போது, யுனிகோடை எழுதும் யுடிஎஃப்-8 முறை என்று சொல்லிவிடுகிறது. கையால் ஏற்றினால், சில வினியோகங்களில் பழைய ஐரோப்பிய எழுத்துமுறையே இயல்பாக இருக்கும். நண்பர் ஒருவர் பழைய பழக்கத்தில் முனையத்தில் ஏற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். ‘திருமணம்’ என்ற கோப்புறை இருந்த இடத்தில் எட்டுக் கேள்விக்குறிகள். த, இகரக் கொம்பு, ர, உகரச் சுழி, ம, ண, ம, புள்ளி என்று எண்ணினால் சரியாக எட்டு. திறக்கவும் முடியவில்லை, பெயர் மாற்றவும் முடியவில்லை. படங்கள் போய்விட்டன என்று அவர் ஏறக்குறைய முடிவுகட்டியிருந்தார். டிரைவைக் கழற்றி, கோப்பு உலாவியில் சொடுக்கி மறுபடி ஏற்றியதும் எட்டுக் கேள்விக்குறிகளும் திருமணமாகிவிட்டன. டிரைவில் இருந்த எழுத்து ஒன்றும் மாறவில்லை, படித்த கண்ணாடிதான் மாறியது.

பெயரில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரம், இரட்டை மேற்கோள் போன்றவை இருந்தாலும் ஃபேட்32 ஏற்காது, எக்ஸ்ஃபேட்டும் ஏற்காது. லினக்ஸில் ‘கூட்டம் 10:30’ என்று பெயர் வைத்துவிட்டு நகலெடுக்கப் போனால் ‘செல்லாத மதிப்பு’ என்ற மொட்டைப் பிழைதான் வரும். எது செல்லாதது என்று சொல்லாது. நேரத்தைப் புள்ளி வைத்து எழுதப் பழகிக்கொள்ளுங்கள்.

சிறிய தொல்லைகள் இன்னும் சில உண்டு. ஃபேட்32 கோப்பின் நேரத்தை இரண்டு விநாடிக்கு ஒருமுறைதான் குறிக்கும். அதுவும் உள்ளூர் நேரமாகவே குறிக்கும், எந்த ஊர் என்று எழுதாது. சென்னையில் காலை 10 மணிக்குச் சேமித்ததைச் சிங்கப்பூரில் திறந்தால் அங்கேயும் 10 மணிதான். மாறிய கோப்புகளை மட்டும் நகலெடுக்கும் ஆர்சிங்க் என்ற கருவி கொண்டு நகல் வைப்பவர்களுக்கு ஒரு விநாடி வித்தியாசமே போதும், மாறாத கோப்புகளையும் மாறியதாக எண்ணி மறுபடி எழுத ஆரம்பித்துவிடும். அதற்கென்று ஆர்சிங்கில் நேர வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும் ஒரு விருப்பம் இருக்கிறது. அதைத் தேடிப் போட வேண்டிய நிலை வந்துவிட்டால், நீங்கள் ஃபேட்32-ஐ அதற்கு ஒவ்வாத வேலைக்கு அனுப்பிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அடுத்து எக்ஸ்ஃபேட். 2006-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. 4 ஜிபி சுவரை இடித்தது. மற்றபடி ஃபேட் குடும்பத்தின் எளிமை அப்படியே. 32 ஜிபிக்கு மேற்பட்ட மெமரி கார்டுகளுக்கு இதையே தரமாக்கினார்கள். விண்டோஸ் விஸ்டாவின் முதல் சர்வீஸ் பேக் தொடங்கி விண்டோஸிலும், 2010 முதல் மேக்கிலும் படிக்கவும் எழுதவும் முடிகிறது.

லினக்ஸ்காரர்கள் பல ஆண்டுகள் இதைத் தீண்டாமல் ஒதுங்கியதற்குக் காரணம் தொழில்நுட்பம் அல்ல, காப்புரிமை. ஃபேட் குடும்பத்தின் மீது மைக்ரோசாஃப்டுக்கு இருந்த காப்புரிமைகள் வெறும் காகிதமாகக் கிடக்கவில்லை. 2009-இல் டாம்டாம் என்ற வழிகாட்டிக் கருவி நிறுவனத்தின் மீது வழக்கே தொடுத்தது. அந்த வழக்கில் நீண்ட பெயர்களைச் சேமிக்கும் ஃபேட் உத்தியும் இருந்தது. அடுத்த மாதமே சமரசமானாலும் பயம் தங்கிவிட்டது. எக்ஸ்ஃபேட்டை லினக்ஸின் மையக்கருவான கெர்னலுக்குள் சேர்க்காமல், அதற்கு வெளியே சாதாரண நிரல்போல ஓடும் ஃபியூஸ் நிரலாகவே வைத்திருந்தார்கள். புது மெமரி கார்டைச் செருகினால் ‘தெரியாத முறைமை’ என்ற பிழையும், அதற்கு ஒரு தொகுப்பை நிறுவிக்கொள் என்ற பதிலும் அந்தக் காலத்து நித்திய விதி.

2019 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டே எக்ஸ்ஃபேட்டின் விவரக்குறிப்பை வெளியிட்டு, லினக்ஸ் கெர்னலில் அது சேர்வதை ஆதரிப்பதாக அறிவித்தது. அந்த நவம்பரில் வந்த 5.4 கெர்னலில் அரைவேக்காட்டு ஓட்டியாக (டிரைவர் மென்பொருளாக) உள்ளே வந்தது. 2020 மே மாதம் 5.7 கெர்னலில் சாம்சங் எழுதிய முழு ஓட்டி அதன் இடத்தைப் பிடித்தது. நீங்கள் டெபியன் 11, உபுண்டு 22.04 அல்லது அவற்றுக்குப் பின் வந்த எதை வைத்திருந்தாலும் எக்ஸ்ஃபேட் டிரைவ் செருகியவுடன் திறக்கும். அதைவிடப் பழைய நிறுவலாக இருந்தால், அந்த ஃபியூஸ் தொகுப்பைத் தேட வேண்டியிருக்கும். பார்மட் செய்வதற்கு மட்டும் எக்ஸ்ஃபேட்ப்ரோக்ஸ் என்ற கருவித் தொகுப்பு வேண்டும். அது நிறுவப்படாவிட்டால், வட்டுகளைப் பார்மட் செய்ய உதவும் டிஸ்க்ஸ் என்ற செயலியில் எக்ஸ்ஃபேட் வரி மங்கலாகத் தெரியும், சொடுக்க முடியாது.

இதற்கும் இரண்டு பலவீனங்கள் இருக்கின்றன. ஒன்று, இடத்தைப் பெரிய பெரிய கட்டங்களாகப் பிரிக்கிறது. விண்டோஸில் பார்மட் செய்யும்போது 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவில் ஒரு கட்டம் 128 கேபி. இரண்டு கேபி உரைக் கோப்பும் ஒரு முழுக் கட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். பத்தாயிரம் சிறு கோப்புகள் என்றால், உள்ளே இருப்பது 20 எம்பி, டிரைவில் பிடிப்பது ஏறத்தாழ 1.2 ஜிபி. வீடியோ வைப்பவருக்கு இது பொருட்டே இல்லை. நிரல் எழுதுபவருக்கும் ஆயிரக்கணக்கான துண்டுக் கோப்புகளைச் சுமப்பவருக்கும் உறைக்கும். அவர்கள் சுருக்கி ஒரே ஜிப் கோப்பாக ஏற்றலாம்.

மற்றது பெரிய விஷயம். எந்தக் கோப்பு எந்தக் கட்டங்களில் இருக்கிறது என்று குறிக்கும் ஒதுக்கீட்டு அட்டவணைக்கு ஃபேட்32 இரண்டு பிரதி வைத்திருக்கும். எக்ஸ்ஃபேட்டில் வழக்கமாக ஒன்றுதான். இரண்டிலுமே ஜர்னல் கிடையாது. ஜர்னல் என்பது நம் பழைய மளிகைக் கடைக் கணக்கு மாதிரி: முதலில் சிட்டையில் குறித்துவிட்டு, பிறகு பேரேட்டில் ஏற்றுவது. நடுவில் விளக்கு அணைந்தால் சிட்டையைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்துவிடலாம். ஃபேட்டும் எக்ஸ்ஃபேட்டும் நேரடியாகப் பேரேட்டில் எழுதுகிறவை. பாதியில் பிடுங்கினால் பாதி வரிதான்.

சிட்டை வைத்திருப்பவை மற்ற இரண்டும். என்டிஎஃப்எஸ் 1993-இல் விண்டோஸ் என்டியோடு வந்தது. விண்டோஸின் உள்வட்டுகளுக்கு இன்றும் அதுதான். லினக்ஸில் 2007 முதல் என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற ஃபியூஸ் ஓட்டி நம்பிக்கையாக எழுதிவருகிறது. 2021 அக்டோபர் கடைசியில் வெளியான 5.15 கெர்னலில் பாராகான் நிறுவனம் கொடுத்த என்டிஎஃப்எஸ்3 ஓட்டியும் சேர்ந்தது. பெரிய கோப்பு ஏறும், ஜர்னல் உண்டு, விண்டோஸ் வணங்கும். பிறகு ஏன் பென் டிரைவுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை?

விண்டோஸில் எழுதிக்கொண்டிருக்கும்போது டிரைவைப் பிடுங்கினால் ‘அசுத்தம்’ என்ற கொடி அதில் நின்றுவிடும். லினக்ஸில் அதைச் செருகினால் புதிய ஓட்டி ஏற்றவே மறுக்கும். முறையான மருந்து விண்டோஸின் சரிபார்ப்புக் கருவி. லினக்ஸில் கிடைக்கும் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் அந்தக் கொடியை இறக்கிவைக்குமே தவிர, முழு வைத்தியம் அதன் வேலை இல்லை. அதாவது உங்கள் பென் டிரைவ் சரியாக வேலை செய்ய, எப்போதாவது ஒரு விண்டோஸ் கணினி தேவைப்படும். வீட்டில் விண்டோஸே இல்லாதவருக்கு இது பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவைப்பது போல. மைத்துனரின் மேக்கோ என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், எழுதாது. கார் ஆடியோ பெரும்பாலும் திரும்பியே பார்க்காது. இன்னொரு குறும்பும் உண்டு: என்டிஎஃப்எஸ்-3ஜி வழியாகக் கையால் ஏற்றினால் முக்காற்புள்ளி வைத்த பெயரை எழுத லினக்ஸ் விட்டுவிடும், விண்டோஸுக்குப் போனதும் அந்தக் கோப்பைத் திறக்க முடியாது. ஃபேட்டாவது வாசலிலேயே தடுத்தது. வீட்டில் விண்டோஸும் லினக்ஸும் பாதிப்பாதியாக ஓடும், பெரிய வெளிவட்டு ஒன்றை இரண்டும் பகிர வேண்டும் என்றால் மட்டும் என்டிஎஃப்எஸ்ஸை யோசிக்கலாம்.

இஎக்ஸ்டி4, நான் கடையில் அவமானப்பட்ட அதே முறைமை. 2008 டிசம்பரில் 2.6.28 கெர்னலோடு நிலையானதாக அறிவிக்கப்பட்டது; லினக்ஸின் தாய்மொழி என்றே சொல்லலாம். கோப்பின் உரிமை, குறியீட்டு இணைப்பு (வேறொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி), இயக்க அனுமதி எல்லாம் லினக்ஸ் எதிர்பார்க்கிற மாதிரியே நடக்கும். ஃபேட்32 டிரைவில் ஒரு ஸ்கிரிப்டுக்கு இயக்க அனுமதி கொடுத்துப் பாருங்கள், ஒன்றும் நடக்காது. பைதான் மெய்நிகர் சூழலை நகலெடுத்தால் குறியீட்டு இணைப்புகளில் தடுக்கி விழும். இஎக்ஸ்டி4-இல் இந்தச் சங்கடங்கள் இல்லை.

ஆனால் உரிமை என்பதே வெளியே போகும் டிரைவுக்குச் சுமை. இஎக்ஸ்டி4 கோப்பின் உரிமையாளரைப் பெயரால் நினைவு வைப்பதில்லை, எண்ணால் வைக்கிறது. என் வீட்டுக் கணினியில் நான் 1000. அலுவலக லினக்ஸில் எனக்கு முன்பே இன்னொருவர் கணக்குத் தொடங்கிவிட்டதால் நான் 1001. என் டிரைவை, என் கோப்பை, என் பெயரில் உள்ள கணக்கில் திறந்து திருத்தப் போனால் ‘அனுமதி இல்லை’ என்கிறது; பக்கத்து நாற்காலிக்காரருக்கோ, அவர்தான் அங்கே 1000 என்பதால், தடையே இல்லை. புதிதாகப் பார்மட் செய்த இஎக்ஸ்டி4 டிரைவில் ஒரு கோப்புறைகூட உருவாக்க முடியவில்லை என்று திகைப்பவர்களும் இதே குடும்பத்துச் சிக்கலில் மாட்டியவர்கள்தான்: முனையத்தில் ரூட்டாகப் பார்மட் செய்தால் டிரைவின் உச்சிக் கோப்புறை ரூட்டுக்கே சொந்தமாகிறது. டிஸ்க்ஸ் செயலியில் செய்தால் உரிமையை உங்கள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறது.

இடமும் கொஞ்சம் போகும். இயல்பாக 5 சதவீதத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கிவைக்கும். கணினியின் மைய வட்டு நிரம்பி வழிந்தாலும் நிர்வாகி உள்ளே நுழைய அது ஒரு பாதுகாப்பு. 64 ஜிபி பென் டிரைவில் அது சுமார் 3 ஜிபி வீண். பார்மட் செய்யும்போதே அந்த ஒதுக்கீட்டைப் பூஜ்யமாக்கிவிடுங்கள்.

தமிழ்ப் பெயர்களைப் பற்றி இங்கேயும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘லினக்ஸின் தாய்மொழி’ இந்த இடத்தில் நம் தாய்மொழியைக் கொஞ்சம் இறுக்குகிறது. இஎக்ஸ்டி4-இல் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். எழுத்தல்ல, பைட். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். மெய்யின் புள்ளிக்கும் உயிர்மெய்யின் கொம்புக்கும் தனித்தனியே மூன்று. ஆக 85 குறிகள்தான் இடம். பத்துப் பதினொரு சொல் கொண்ட செய்தித் தலைப்பையே கோப்புப் பெயராக வைத்துச் சேமித்தால் தாண்டிவிடும். ஃபேட்டிலும் எக்ஸ்ஃபேட்டிலும் 255 என்பது யுனிகோட் குறிகளின் கணக்கு. தமிழுக்கு மூன்று மடங்கு இடம். அலுவலகத்தில் நீண்ட தமிழ்த் தலைப்போடு சேமித்த கட்டுரைகளை வீட்டில் இஎக்ஸ்டி4-க்கு நகலெடுக்கும்போது ‘பெயர் மிக நீளம்’ என்று சிலது மட்டும் விழுந்தது எனக்குப் பல நாள் புதிராக இருந்தது. ஒரு இரவு உட்கார்ந்து கொம்பும் புள்ளியும் எண்ணியபோதுதான் விளங்கியது.

டிரைவுக்குச் சூட்டும் பெயரிலும் இதே கதை. இஎக்ஸ்டி4-இல் 16 பைட். ‘பாடம்’ என்று வைக்கலாம், 15 பைட்டில் அடங்கும், ‘புத்தகம்’ அடங்காது. எக்ஸ்ஃபேட்டில் 11 குறி, ‘புத்தகம்’ எட்டுதான், உட்காரும். ஃபேட்32-இல் தமிழ்ப் பெயரை மறந்துவிட்டு ஆங்கிலப் பேரெழுத்தில் வைப்பதே உத்தமம்.

எஃப்2எஃப்எஸ் என்று ஃபிளாஷ் நினைவகத்துக்காகவே சாம்சங் செய்த முறைமை ஒன்றும் 2013 முதல் கெர்னலில் இருக்கிறது. லினக்ஸுக்கு வெளியே பென் டிரைவில் அதைப் படிக்க ஆளில்லை. இங்கே இதற்கு மேல் அதற்கு இடமும் இல்லை.

இரண்டு பகுதியாகப் பிரித்து ஒன்றை எக்ஸ்ஃபேட், ஒன்றை இஎக்ஸ்டி4 ஆக்கினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். செய்யலாம். ஆனால் பழைய விண்டோஸ் பதிப்புகள் பென் டிரைவில் முதல் பகுதியை மட்டுமே பார்க்கும். 2017-இல் வந்த புதுப்பிப்புக்குப் பிறகுதான் விண்டோஸ் 10 மற்றவற்றையும் பார்க்கிறது. பார்த்ததும் என்ன செய்யும்? இரண்டாவது பகுதியைப் பார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். கடைப் பையனின் மவுஸுக்கு இன்னொரு வாய்ப்பு.

என் தீர்ப்பு இதுதான். வெளியே போய்வரும் டிரைவ் ஒன்றே ஒன்று என்றால் எக்ஸ்ஃபேட். யோசிக்கவே வேண்டாம். அதன் பலவீனத்தை ஒரு பழக்கத்தால் ஈடுகட்டலாம், பழக்கத்துக்குக் காசில்லை. பாட்டுக்கும் அச்சுக்கும் மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய 8 ஜிபி டிரைவை ஃபேட்32 ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடையிலும் அவமானப்பட வேண்டாம். வீட்டைவிட்டு வெளியே போகாத காப்புநகல் டிரைவுக்கு இஎக்ஸ்டி4, அதிலும் முடிந்தால், கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் லக்ஸ் குறியாக்கத்தோடு. டிஸ்க்ஸ் செயலியில் ஒரு பெட்டியைத் தேர்வுசெய்து கடவுச்சொல் கொடுப்பதோடு முடிகிற வேலை.

ஈடுகட்டும் பழக்கம் என்றேனே, அது பிடுங்குவதற்கு முன் வெளியேற்றுவது. எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்று கடந்துபோக எனக்கும் ஆசை. ஆனால் எந்த முறைமையைத் தேர்ந்தாலும் தரவு போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 2018-இன் பிற்பகுதியிலிருந்து விண்டோஸ் 10 பென் டிரைவுகளுக்கு ‘உடனடி அகற்றல்’ என்ற அமைப்பை இயல்பாக வைத்திருக்கிறது. அங்கிருந்து வருபவர்கள் பிடுங்கியே பழகியவர்கள். லினக்ஸ் வேறு சுபாவம். எழுதச் சொன்னதை முதலில் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு ‘முடிந்தது’ என்று சொல்லிவிட்டு, பிறகு ஆற அமர டிரைவில் எழுதும். இப்படித் தேக்கிவைக்க இயல்பான உச்சவரம்பு கிடைக்கும் நினைவகத்தில் 20 சதவீதம். 8 ஜிபி கணினியில் 6 ஜிபி காலி என்றால் 1.2 ஜிபி வரை தேங்கலாம். விநாடிக்கு 10 எம்பி எழுதும் மலிவு டிரைவில் அது இரண்டு நிமிடப் பாக்கி. பட்டை நூறைத் தொட்டு மறைந்த பிறகும் டிரைவின் குட்டி விளக்கு சிமிட்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிமிட்டல்தான் பாக்கி. ஃபேட்32-ஐ யூடிஸ்க்ஸ் ஏற்றும்போது பாக்கியைச் சீக்கிரம் தீர்க்கச் சொல்லியே ஏற்றுகிறது, அதனால் அங்கே காத்திருப்பு குறைவு. எந்த முறைமையானாலும் கோப்பு உலாவியின் ஓரத்தில் உள்ள வெளியேற்றும் குறியைச் சொடுக்கி, ‘இப்போது எடுக்கலாம்’ என்ற அறிவிப்பு வரும்வரை கையைக் கட்டிக்கொள்ளுங்கள். முனையத்தில் வாழ்பவர்கள் சிங்க் கட்டளையைத் தட்டினால் போதும். பாக்கி தீரும்வரை அது திரும்பி வராது.

ஒருமுறை பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஃபேட்32 டிரைவைச் சிமிட்டலோடு பிடுங்கி ஓடினேன். ஊரில் செருகியபோது கோப்புறை இருந்தது, உள்ளே கோப்புகள் பூஜ்ய பைட்டில் இருந்தன. சரிபார்ப்புக் கருவியை ஓட்டினேன். ‘ரெக்’ என்று முடியும், எண் வரிசையில் பெயர்கொண்ட பதினேழு கோப்புகளை மீட்டுக் கொடுத்தது. எது ரசீது, எது படம் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அடையாளம் கண்டேன். நான்கு கடைசிவரை யாரென்று சொல்லவில்லை.

முறைமைமீது பழி போடுவதற்கு முன் டிரைவையே சந்தேகிக்க வேண்டிய நேரமும் உண்டு. மலிவு விலையில் 256 ஜிபி, 512 ஜிபி என்று விற்பவற்றில் சில உள்ளே 16-ஓ 32-ஓதான் வைத்திருக்கும். மீதியை எழுதியதாகப் பாவனை செய்யும். எந்த முறைமையில் பார்மட் செய்தாலும் முதல் சில ஜிபிகள் நன்றாக இருக்கும், அதன் பிறகு ஏற்றியவை குப்பையாகத் திரும்பும். எஃப்3 என்ற கட்டற்ற கருவி டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படித்து, உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். மணிக்கணக்கில் ஓடும். புது டிரைவ் வாங்கிய இரவே ஓட்டிவிட்டுத் தூங்கப் போனால், காலையில் ரசீதோடு கடைக்குப் போவதா வேண்டாமா என்று தெரிந்துவிடும்.

பார்மட் செய்ய உட்காரும்போது உள்ளே இருப்பதை வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டு, டிஸ்க்ஸ் செயலியின் இடப்பக்கப் பட்டியலில் டிரைவின் கொள்ளளவையும் தயாரிப்பாளர் பெயரையும் பாருங்கள். லினக்ஸ் டிரைவுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். அடுத்தமுறை கணினியைத் தொடங்கும்போது அது இடம் மாறலாம். லினக்ஸ் நிறுவப் பயன்படுத்திய பழைய டிரைவ் என்றால் பகுதியை மட்டும் அல்ல, முழு வட்டையும் பார்மட் செய்துவிட்டுப் புதுப் பகுதியை உருவாக்குங்கள், இல்லையென்றால் பழைய நிறுவல் வட்டின் மிச்சம் விண்டோஸில் துண்டு துண்டாகத் தெரியும். முடித்ததும் தமிழ்ப் பெயர் வைத்த ஒரு கோப்பையும், எக்ஸ்ஃபேட் என்றால் 4 ஜிபியைத் தாண்டிய ஒரு வீடியோவையும் ஏற்றி, வெளியேற்றி, மறுபடி செருகித் திறந்து பாருங்கள். பிறகு அதை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போகலாம்.